பானகம்: வெயில் வந்தால் வரும் கேள்விகள்

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் எங்கள் கோயில் தண்ணீர்ப் பந்தலுக்குப் பானகம் கலக்கும் பொறுப்பு சில வருடங்களாக என்னிடம் இருக்கிறது. பங்குனி பிறந்ததும் வாட்சப்பில் கேள்விகள் வரத் தொடங்கும். பெரும்பாலும் போன வருடம் வந்த அதே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தட்டிக் கொண்டிருப்பதைவிட ஓரிடத்தில் எழுதி வைப்பது நல்லது என்று தோன்றியது. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன்.

அக்கா, பானகம்னா என்ன? வெறும் வெல்லத் தண்ணிதானே?

வெல்லம், தண்ணீர், புளிப்புக்கு எலுமிச்சை அல்லது புளி, அப்புறம் சுக்கு, ஏலக்காய். ஒரு சிட்டிகை உப்பு. அவ்வளவுதான். ஆனால் வெறும் வெல்லத் தண்ணீரைக் குடித்தால் இரண்டு மிடறில் திகட்டிவிடும். புளிப்பு அந்தத் திகட்டலை வெட்டும், சுக்கு தொண்டையில் ஒரு சுருக் கொடுக்கும். இந்த இரண்டும் சரியாக நின்றால்தான் அதற்குப் பானகம் என்று பெயர். சிலர் வீட்டில் பானக்கம் என்பார்கள், சிலர் பானக்கரம் என்பார்கள். எல்லாம் ஒன்றுதான்.

ஒரு ஜக்குக்கு அளவு சொல்லுங்க. "கண்ணளவு"னு மட்டும் சொல்லாதீங்க.

சரி. ஒரு லிட்டர் தண்ணீர், 120 கிராம் வெல்லம், நடுத்தர எலுமிச்சை இரண்டு, சுக்குப் பொடி அரைத் தேக்கரண்டி, ஏலக்காய் நான்கு, உப்பு ஒரு சிட்டிகை. மிளகு பிடிக்குமென்றால் ஐந்தாறு மணியை ஒன்றிரண்டாகத் தட்டிப் போடலாம். துளசி இருந்தால் நாலு இலை.

வெல்லத்தை நன்றாகப் பொடித்து, அந்த ஒரு லிட்டரில் இருந்தே ஒரு கப் தண்ணீர் எடுத்து அதில் ஊற வையுங்கள். கால் மணி நேரத்தில் கரைந்துவிடும். வெள்ளைத் துணியிலோ கண் நெருங்கிய வடிகட்டியிலோ வடித்தால் அடியில் மணல், கரும்புச் சக்கை, சில நேரம் ஒரு துண்டு நூல்கூட நிற்கும். அதைப் பார்த்துவிட்டால் வடிகட்டாமல் செய்ய யாருக்கும் மனசு வராது. பிறகு மீதித் தண்ணீர், சுக்கு, இடித்த ஏலம், உப்பு. எலுமிச்சைச் சாறு கடைசியில். கலக்கிவிட்டுப் பத்து நிமிடம் விட்டுவிடுங்கள். சுக்கின் காரம் தண்ணீரில் இறங்க அந்த நேரம் வேண்டும். அதற்கு முன்பே ருசி பார்த்துவிட்டு "காரமே இல்லை" என்று இன்னும் அரைக் கரண்டி போடுகிறவர்கள்தான் பிறகு கண்ணில் தண்ணீரோடு குடிக்கிறார்கள்.

எலுமிச்சையா, புளியா? எங்க பாட்டி புளிதான் போடுவாங்க.

பாட்டி செய்ததும் சரிதான். தமிழ்நாட்டின் தென் மாவட்டங்களில் புளி கரைத்துச் செய்வது வழக்கம். மற்ற இடங்களில் எலுமிச்சை. எந்த ஊரிலிருந்து வந்த குடும்பமோ அந்தக் கை இங்கேயும் தொடர்கிறது.

மேலே சொன்ன ஒரு லிட்டருக்குப் பெரிய நெல்லிக்காய் அளவு புளி போதும். வெதுவெதுப்பான தண்ணீரில் ஊற வைத்துக் கரைத்து வடித்துக்கொள்ளுங்கள். பசாரில் அசாம் ஜாவா என்று பொட்டலத்தில் விற்பது நம் புளியேதான், தாராளமாகப் போடலாம். காய்ந்த வில்லைகளாக விற்கும் அசாம் கெப்பிங் வேறு சாதி. மீன் குழம்புக்கு அருமை, பானகத்துக்கு வேண்டாம்.

என்னைக் கேட்டால், அப்போதே குடிக்க எலுமிச்சை, இரண்டு மூன்று மணி நேரம் நிற்கப் போகிறதென்றால் புளி. எலுமிச்சையின் வாசம் சீக்கிரம் போய்விடும், புளி அசையாமல் நிற்கும்.

வீட்டுக்குப் பின்னால லிமாவ் கஸ்தூரி காய்ச்சுக் கொட்டுது. அதை வைச்சுச் செய்யலாமா?

செய்யலாம். அந்தக் குட்டி எலுமிச்சை நம் ஊருக்கென்றே அமைந்த ருசி. ஒரு எலுமிச்சைக்கு ஐந்தாறு கஸ்தூரி என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் சாறு எவ்வளவு வருகிறதென்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். விதை நிறைய இருக்கும், அது கசக்கும். நேராக ஜக்கில் பிழியாமல் வடிகட்டி வழியாகப் பிழியுங்கள்.

வெல்லம் வாங்கப் போனா நாலு விதமா இருக்கு. எதை எடுக்க?

கருமையாக இருப்பதை எடுங்கள். பளிச்சென்று மஞ்சளாக, சோப்புக் கட்டி மாதிரி ஒரே நிறத்தில் இருக்கும் வெல்லத்தைப் பார்த்தால் நான் தள்ளி வைத்துவிடுவேன். நிறம் வெளுக்க ஹைட்ரோஸ் என்ற ரசாயனம் சேர்ப்பது இந்தியாவின் வெல்ல ஆலைகளில் பலகாலமாக நடக்கும் விஷயம். கறுத்த வெல்லம் பார்க்க அழகில்லை, ஆனால் ருசி அதில்தான் இருக்கிறது.

வாங்கிய பிறகு சின்னச் சோதனை ஒன்று. ஒரு துண்டைக் கண்ணாடி டம்ளரில் தண்ணீரில் போட்டு, கரைந்ததும் ஆடாமல் விடுங்கள். கொஞ்சம் மணல், சக்கை தங்கினால் அது வழக்கமானது. வெள்ளை வெள்ளையாக மாவு போல அடியில் படிந்தால் அடுத்த முறை கடையை மாற்றுங்கள். இன்னொன்று, உப்புக் கரிக்கிற வெல்லமும் உண்டு. நாக்கில் ஒரு துணுக்கு வைத்துப் பாருங்கள். கரித்தால் பானகத்தில் தனியாக உப்புப் போட வேண்டாம்.

வெல்லம் கிடைக்கலை. குலா மெலாக்கா போட்டா சாமி ஏத்துக்குமா?

சாமி ஏற்றுக்கொள்ளும். மாமியார் ஏற்றுக்கொள்வாரா என்பதுதான் கேள்வி.

குலா மெலாக்கா தென்னம்பாளையிலிருந்து இறக்கும் நீரைக் காய்ச்சிச் செய்வது. கரும்பு வெல்லத்தில் இல்லாத ஒரு புகை வாசமும் கருகல் இனிப்பும் அதில் இருக்கும். எலுமிச்சையோடு அது நன்றாகவே போகும். புளியோடு சேர்ந்தால் இரண்டும் கனமான ருசி, பானகம் குழம்பு மாதிரி ஆகிவிடுகிறது என்பது என் எண்ணம். அளவு அதே 120 கிராம். உருளை உருளையாக விற்பதைக் கத்தியால் சீவினால் சீக்கிரம் கரையும். விலை மிகவும் மலிவாக இருந்தால் அதில் பாதிக்கு மேல் சீனி கலந்திருக்க வாய்ப்பு உண்டு, பொட்டலத்தின் பின்பக்கம் எழுதியிருப்பதைப் படியுங்கள்.

கருப்பட்டி கிடைத்தாலும் போடலாம், அதைக் கட்டாயம் வடிகட்டுங்கள். வெள்ளைச் சீனி மட்டும் போட்டால் அது எலுமிச்சைச் சாறு. நல்ல பானம்தான், பானகம் இல்லை.

வெல்லத்தைக் காய்ச்சணுமா, வேண்டாமா? யூடியூப்ல ஒருத்தர் காய்ச்சுறார், ஒருத்தர் காய்ச்சலை.

உடனே குடிக்கப் போகிற ஒரு ஜக்குக்குக் காய்ச்ச வேண்டியதில்லை. காய்ச்சி ஆற வைத்த தண்ணீரில் கரைத்து வடித்தால் போதும். பைப்புத் தண்ணீரை அப்படியே ஊற்றினால் குளோரின் வாடை ஏலத்தின் வாசத்தை மூடிவிடும், அதனால்தான் காய்ச்சி ஆற வைத்த தண்ணீர் என்கிறேன்.

வெல்லம் ரொம்ப அழுக்காக இருந்தாலோ, முன்கூட்டியே பாகு செய்து வைப்பதென்றாலோ காய்ச்சலாம். அப்போதும் எலுமிச்சையை அடுப்பில் சேர்க்காதீர்கள். சூட்டில் அதன் வாசம் போய்க் கசப்பு தட்டும்.

சுக்கு இல்லைன்னா இஞ்சி தட்டிப் போடலாமா?

அவசரத்துக்குப் போடலாம், ஆனால் இரண்டும் ஒன்றில்லை. இஞ்சி காயும்போது அதிலுள்ள காரப் பொருளே மாறுகிறது. பச்சை இஞ்சியில் இருக்கும் ஜிஞ்சரால் காய்ந்து ஷோகாவால் ஆகிறது, அது இன்னும் உறைப்பானது. அதனால்தான் சுக்கு கொஞ்சமாகப் போட்டாலும் தொண்டை வரை போகிறது. இஞ்சியின் காரம் நாக்கோடு நின்றுவிடும். இஞ்சி போட்டால் ஒரு விரல்கடைத் துண்டைத் துருவி, சாற்றைப் பிழிந்து, ஐந்து நிமிடம் அசையாமல் வையுங்கள். அடியில் வெள்ளையாக மாவு தங்கும். தெளிந்த சாற்றை மட்டும் ஊற்றுங்கள்.

சுக்கை முழுதாக வாங்கிப் பொடிப்பதுதான் நல்லது. பொட்டலப் பொடி பல மாதம் கடையில் கிடந்து வாசம் இழந்திருக்கும். சுக்கின் மேல்தோலைக் கத்தியால் சுரண்டிவிடுங்கள். "சுக்குக்குப் புறநஞ்சு" என்று சித்த மருத்துவத்தில் சொல்வார்கள். நேராக மிக்சியில் போட்டால் பிளேடு போய்விடும், அவ்வளவு கெட்டி. பழைய துணியில் சுற்றி, அம்மிக் குழவியாலோ சுத்தியலாலோ இரண்டு தட்டுத் தட்டினால் நாராகப் பிளந்து கொடுக்கும். அந்தத் துண்டுகளை வெறும் சட்டியில் லேசாகச் சூடு காட்டி மிக்சியில் அரைத்துச் சலித்தால், சலிக்க மிஞ்சும் நார் தேநீருக்கு ஆகும்.

சுக்கு சூடாச்சே. வெயில்ல போய் சூடான பொருளைக் குடிக்கலாமா?

இதை அதிகம் கேட்பவர்கள் ஆண்கள். ஒரு லிட்டரில் அரைத் தேக்கரண்டி, ஒரு டம்ளரில் வருவது சிட்டிகை. ரசத்தில் இதைவிட அதிகக் காரம் சாப்பிடுகிறோம். காரமான பொருள் கொஞ்சம் வேர்க்க வைக்கும், வேர்வை காய்ந்தால் உடம்பு குளிரும். வயிற்று மந்தத்துக்கும் சுக்கு நல்லது என்று நம் பெரியவர்கள் சேர்த்திருக்கிறார்கள், திருவிழாச் சாப்பாட்டுக்குப் பிறகு அது தேவையும்தான். நெஞ்செரிச்சல் இருப்பவர்கள் பாதியாகக் குறைத்துக்கொள்ளலாம்.

பச்சைக் கற்பூரம் போட்டாத்தான் கோயில் வாசம் வருதாம். எவ்வளவு போடணும்?

நான் போடுவதில்லை. உங்களையும் போடச் சொல்ல மாட்டேன்.

பச்சைக் கற்பூரம் வேறு, ஆரத்திக்கு ஏற்றும் கற்பூரம் வேறு. கடையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கும். ஆரத்திக் கற்பூரத்தை உணவில் போடவே கூடாது. உண்ணும் வகையும் அளவு மீறினால் நஞ்சுதான், சின்னப் பிள்ளைகளுக்கு மிகக் குறைந்த அளவிலேயே வலிப்பு வரக்கூடும். கடுகளவு என்று சொல்லிவிட்டு விரலால் கிள்ளிப் போடுகிற பொருளுக்கு அத்தனை ஆபத்து எதற்கு? துளசியும் ஏலமும் போதும், கோயில் வாசம் தானாக வரும்.

பாண்டான் இலை போடலாமா?

போடலாம். ஒரு இலையை முடிச்சுப் போட்டு, வெல்லம் ஊறும்போது சேர்த்துவிட்டுப் பிறகு எடுத்துவிடுங்கள். ஏலத்தைப் பாதியாகக் குறையுங்கள், இரண்டு வாசமும் ஒன்றையொன்று முட்டும். படையலுக்கு வைப்பதில் நான் சேர்ப்பதில்லை, வீட்டுக்குச் செய்வதில் சேர்ப்பேன். இதற்குச் சாஸ்திரம் ஒன்றும் இல்லை, என் பழக்கம்.

சோடா, ஸ்பிரைட் கலந்தா?

சோடா பரவாயில்லை. ஸ்பிரைட் எதற்கு?

எனக்கு மட்டும் கசக்குது. எங்க தப்பு?

முக்கால்வாசி நேரம் எலுமிச்சைதான் காரணம். கடைசிச் சொட்டு வரை நசுக்கிப் பிழிந்தால் தோலின் எண்ணெய் இறங்கும், விதை விழுந்து ஊறினாலும் கசக்கும். அடுத்தது ஏலக்காய்த் தோல். தோலோடு இடித்துப் போட்டு மணிக்கணக்கில் விட்டால் கசப்பு வரும், உள்ளிருக்கும் விதையை மட்டும் இடியுங்கள். இரண்டும் சரியாக இருந்தும் கசந்தால் வெல்லம் காய்ச்சும்போது அடிபிடித்திருக்கும்.

அடியில் கசடு தங்குவதைச் சிலர் கெட்டுப்போனதாக நினைக்கிறார்கள். அது சுக்குப் பொடி. கலக்கிக் குடியுங்கள்.

இது எவ்வளவு பழசு? தோட்டத்துக்கு எப்படி வந்துச்சு?

மிகப் பழசு. சுசுருதர் பெயரில் வழங்கும் பழைய மருத்துவ நூலிலேயே வெல்லப் பானகம் வருகிறது, புளிப்புச் சேர்த்தது சேர்க்காதது என்று இரண்டு விதமாக. ஆந்திராவில் மங்களகிரி மலைக்கோயிலில் நரசிம்மருக்கு வாயில் பானகம் ஊற்றுவதே வழிபாடு. ஊற்றியதில் பாதியைப் பக்தருக்கே திருப்பித் தருவார் என்பது அங்குள்ள நம்பிக்கை. மதுரையில் சித்திரைத் திருவிழாவுக்கு வரும் கூட்டத்துக்கு வழியெல்லாம் பானகமும் நீர்மோரும் கொடுப்பார்கள். ராம நவமிக்குப் பானகம், நீர்மோர், ஊற வைத்த பாசிப்பருப்பு. பாகான் டத்தோ பக்கத்துத் தெலுங்குக் குடும்பங்களைக் கேட்டால் அந்தப் பருப்புக்கு வடப்பப்பு என்று பெயர் சொல்வார்கள்.

இங்கே வந்தது நம் ஆட்களோடுதான். தஞ்சாவூர், திருச்சி, சேலம், வடஆற்காடு பக்கங்களிலிருந்து முதலில் ஒப்பந்தத்திலும் பிறகு ஆள் திரட்டும் கங்காணி வழியாகவும் பால்மரக்காட்டுக்கு, அதாவது ரப்பர்த் தோட்டங்களுக்கு, வந்தார்கள். 1938இல் இந்திய அரசு அந்த ஆள் அனுப்பலை நிறுத்தியது. அதற்குள் அநேகமாக ஒவ்வொரு தோட்டத்திலும் ஒரு மாரியம்மன் கோயில் நின்றுவிட்டது. கோயில் வந்த இடத்தில் திருவிழா, திருவிழா வந்த இடத்தில் பானக அண்டா. அன்றாடம் குடித்தது இதுவல்ல. விடியுமுன் பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுப்பு) போகிறவர்களுக்குக் கொப்பி ஓ எனும் பால் கலக்காத காப்பிதான். பானகம் தீமிதிக்கு, தேர் வரும் நாளுக்கு. லயத்துப் (தொழிலாளர் வீட்டு வரிசை) பெண்கள் முதல்நாள் சாயங்காலமே சுக்கு இடிக்க உட்கார்ந்துவிடுவார்கள், உரலைச் சுற்றி ஒரே தும்மலாக இருக்கும். தோட்டம் துண்டாடப்பட்டு, பால்மரம் போய்ச் செம்பனை (எண்ணெய்ப் பனை) வந்து, ஆட்கள் பட்டணத்துத் தாமான்களுக்கு (வீடமைப்புப் பகுதிகளுக்கு) வந்த பிறகும் அந்த வேலை மட்டும் கோயில் கொட்டகையில் நடக்கிறது. இப்போது மிக்சி, அதனால் தும்மல் குறைவு.

நமக்குத்தான் வெயில் காலமே இல்லையே, வருஷம் பூரா வெயில்தானே?

உண்மைதான், ஆனாலும் பங்குனி, சித்திரை கொஞ்சம் கூடுதல். ஏப்ரல் முதல் வாரத்தில் உச்சி வேளைச் சூரியன் நம் பேராக்குக்கு நேர் மேலே வந்து போகிறது, அந்த நேரம் பருவக்காற்றும் மாறும் காலம். நாட்டில் பதிவான உச்ச வெப்பமே ஏப்ரலில்தான்: பெர்லிஸ் சூப்பிங்கில், 1998 ஏப்ரல் 9 அன்று 40.1 பாகை. தமிழ்நாட்டுக் கோடைக்கு அமைந்த திருவிழா நாட்கள் இங்கேயும் வெயிலோடு பொருந்திப் போவது நம் அதிர்ஷ்டம். தெலுக் இந்தானில் சித்ரா பௌர்ணமிக்கு ஒருமுறை போய் நின்று பாருங்கள், தாரோடு செருப்பு ஒட்டும்.

ஐஸ் போடலாமா, மண்பானையில வைக்கணுமா?

மண்பானை குளிர்வது எப்படி? தண்ணீர் சுவரில் கசிந்து வெளியே ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. காற்று காய்ந்திருந்தால் அது வேகமாக நடக்கும். நம் காற்றிலோ ஈரப்பதம் 80 சதவீதத்தைச் சுற்றியே நிற்கிறது, ஆவியாக இடமில்லை. மதுரையில் ஜில்லென்று இருக்கும் பானை இங்கே சும்மா குளிர்ந்த மாதிரி காட்டும், அவ்வளவுதான். மண்வாசனை பிடிக்கும் என்றால் வையுங்கள். புதுப்பானை என்றால் இரண்டு மூன்று நாள் தண்ணீர் ஊற்றி மாற்றிய பிறகு.

ஐஸ் போடுவதில் தப்பில்லை. உருகும் தண்ணீரைக் கணக்கில் எடுத்து, முதலில் ஊற்றும் தண்ணீரைக் குறையுங்கள். ரொம்பக் குளிர்ந்தால் நாக்கு மரத்து இனிப்புத் தெரியாது, இன்னும் வெல்லம் வேண்டும் என்று தோன்றும். நான் குளிர்ப்பெட்டியில் வைத்து எடுப்பதோடு நிறுத்திக்கொள்வேன்.

எத்தனை மணி நேரம் தாங்கும்? காலையில செஞ்சது சாயங்காலம் பொங்குது.

பொங்கினால் கொட்டிவிடுங்கள். வெல்லத் தண்ணீர் நம் ஊர்ச் சூட்டில் ஈஸ்டுக்குப் பாயசம். ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழி, மூடியைத் திறந்தால் கள் வாடை, நாக்கில் சுரீர் என்று இருந்தால் நொதித்துவிட்டது. வெளியே வைத்தால் நான்கு மணி நேரத்துக்குள் குடித்துவிடுங்கள். குளிர்ப்பெட்டியில் இரண்டு நாள்.

முன்கூட்டியே செய்ய வேண்டும் என்பவர்கள் பாகு செய்து வையுங்கள். அரைக் கிலோ வெல்லத்துக்கு ஒன்றரைக் கப் தண்ணீர், வடித்து, சுக்கும் சேர்த்துப் பத்து நிமிடம் கொதிக்க விட்டு, ஆறியதும் கண்ணாடிப் போத்தலில் ஊற்றிக் குளிர்ப்பெட்டியில் வைத்தால் இரண்டு வாரம் இருக்கும். தேவைப்படும்போது தண்ணீரும் எலுமிச்சையும் ஏலமும் சேர்க்க வேண்டியதுதான்.

பாத்திரமும் முக்கியம். ஈயம் பூசாத பித்தளை, செம்பு, அலுமினிய அண்டாவில் இதை வைக்காதீர்கள். புளிப்பு உலோகத்தைக் கரைக்கும். பாட்டியின் பித்தளைத் தவலை அழகுக்கு இருக்கட்டும், பானகம் எவர்சில்வரில் இருக்கட்டும்.

பந்தல் போடுறோம். 200 பேருக்கு எவ்வளவு?

ஆளுக்கு 150 மில்லிக் கோப்பை என்றால் 30 லிட்டர். இரண்டாவது கோப்பை கேட்பவர்கள் நிச்சயம் உண்டு, 40 லிட்டருக்குத் தயாராக இருங்கள். முதல் 30 லிட்டருக்குக் கணக்கு: தண்ணீர் 27 லிட்டர், வெல்லம் மூன்றேகால் கிலோ, எலுமிச்சை 45 முதல் 50, ஏலம் 20 கிராம், சுக்குப் பொடி 25 கிராம். சுக்கை மட்டும் முழுதாகக் கொட்டாமல் 20 கிராமில் நிறுத்தி ருசி பாருங்கள். அதிகமானால் எடுக்க வழியில்லை.

முதல்நாள் இரவே பாகு காய்ச்சி ஆற வையுங்கள். எலுமிச்சையைக் காலையில் பிழிந்து தனிப் போத்தலில், ஐஸ் பெட்டிக்குள். பந்தலில் பத்துப் பத்து லிட்டராகக் கலந்து கொடுங்கள். ஒரே டிரம்மில் மொத்தமும் கலந்து வைத்தால் முன்பு சொன்ன பொங்கும் கதைதான், ஊர்வலம் தாமதமானால் அத்தனையும் வீண். ஊர்வலம் என்றைக்குச் சொன்ன நேரத்துக்கு வந்திருக்கிறது?

ஐஸ் வாங்கும்போது கவனம். மீன் கடைக்கு இறங்கும் பெரிய கட்டி ஐஸ் குடிப்பதற்கானது இல்லை. பையில் அடைத்த குழாய் ஐஸ் வாங்குங்கள். ஐந்து கிலோ ஐஸ் போட்டால் தண்ணீரில் ஐந்து லிட்டர் குறையுங்கள். டிரம்மை மூடியே வையுங்கள். எறும்பாவது பரவாயில்லை, குளவி வந்தால் வரிசை கலைந்துவிடும்.

பக்கத்து வீட்டு மக்சிக் (மலாய்க்கார அம்மா) நோன்பு திறக்கக் கேட்டாங்க. கொடுக்கலாமா?

தாராளமாக. வெல்லம், தண்ணீர், எலுமிச்சை, சுக்கு, ஏலம், எதிலும் ஹலாலுக்குச் சிக்கல் இல்லை. படையலில் வைத்ததைக் கொடுக்காதீர்கள், அது அவர்களுக்குச் சங்கடம். படைக்கும் முன்பே தனியாக எடுத்து வைத்து, அப்படி எடுத்தது என்று சொல்லியே கொடுங்கள். சுத்தமான போத்தலில், நொதிக்காத புதுப் பானகமாக இருக்கட்டும்.

சின்னப் பிள்ளைக்குக் கொடுக்கலாமா?

ஒரு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு வேண்டாம். அந்த வயதில் இனிப்பே தேவையில்லை. நடக்கிற பிள்ளை கேட்டு அழுதால், பாதிக்குப் பாதி தண்ணீர் ஊற்றி ரெண்டு மடக்கு. மிளகு போட்டது வேண்டாம்.

எனக்குச் சர்க்கரை இருக்கு. வெல்லம்தானே, சீனி இல்லையே, குடிக்கலாம்ல?

வெல்லமும் சீனிதான், கறுத்த சட்டை போட்டிருக்கிறது. அதில் பெரும்பகுதி சுக்ரோஸ், இரத்தத்தில் சர்க்கரையை அதேபோல்தான் ஏற்றும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நான் சொன்ன அளவில் 100 மில்லிக்கு 9 கிராம் போலச் சர்க்கரை வரும். கோலாவில் அது 10 கிராமைச் சுற்றி. நம் அரசாங்கம் 2019 ஜூலை 1 முதல், 100 மில்லியில் 5 கிராமுக்கு மேல் சர்க்கரை உள்ள தயாரித்த பானங்களுக்கு வரி போட்டது. பானகத்தை டின்னில் அடைத்து விற்றால் அதுவும் அந்த வரிக்குள்தான் வரும். பாரம்பரியம் என்பதற்காக உடம்பு சலுகை தராது.

நீரிழிவு உள்ளவர்கள் பிரசாதமாக ஒரு சங்கு, அதோடு போதும். வெல்லத்தில் பொட்டாசியமும் உண்டு, சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் குடிக்க வேண்டாம். மற்றவர்களும் வீட்டில் செய்யும்போது 120 கிராமை 80 ஆக்கிப் பாருங்கள். எலுமிச்சையையும் ஒன்றாகக் குறைத்தால் ருசி நிற்கும். தினசரி தாகத்துக்கு நீர்மோர் இருக்கிறது.

செம்பனைக்காட்டுல குலை வெட்டுற என் வீட்டுக்காரருக்குத் தினமும் கொடுத்து விடலாமா? உடம்புல உப்புத் தண்ணி இறங்கிடுதே.

தினமும் வேண்டாம். வெயிலில் வேலை செய்கிறவருக்கு முதலில் தேவை தண்ணீர், அதுவும் தாகம் எடுக்கும் வரை காத்திருக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக. சாப்பாட்டு உப்பும் மோரும் மீதியைப் பார்த்துக்கொள்ளும். பானகத்தில் சர்க்கரை அதிகம், உப்பு குறைவு.

இதே காரணத்துக்காக வயிற்றுப்போக்குக்கும் பானகம் மருந்தில்லை, போக்கைக் கூட்டக்கூடச் செய்யும். அதற்கு மருந்துக்கடையில் கிடைக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் வாங்குங்கள். கையில் இல்லையென்றால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு. வெயிலில் நின்றவர் பேச்சுக் குழறினாலோ, மயங்கினாலோ வாயில் எதையும் ஊற்றாதீர்கள். நிழலுக்குக் கொண்டு போய், உடம்பில் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 999க்கு அழையுங்கள்.

மிஞ்சினதை என்ன செய்யறது? கொட்ட மனசு வரலை.

நொதிக்காமல் இருந்தால் ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வையுங்கள். அடுத்த ஜக்கில் ஐஸுக்குப் பதில் இதைப் போட்டால் ருசி நீர்த்துப் போகாது. பிள்ளைகளுக்குக் குச்சி செருகிக் கொடுத்தால் ஐஸ் மலாய்சியா மாதிரி சப்புவார்கள். நொதித்துவிட்டதென்றால் வடிகாலில் ஊற்றி, பின்னாலேயே ஒரு வாளித் தண்ணீரும் ஊற்றுங்கள். பூச்சட்டியில் ஊற்றினால் மறுநாள் காலை எறும்புகள் வாசல்படி வரை வந்து நிற்கும்.